கட்டடத்துக்கு ஒளியூட்டும் கல்வி



பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி எழுகின்றது. "மேலே என்ன படிப்பது?" என்பதே அக்கேள்வி. மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கியல் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்களைச் சொல்லிவிட்டு நாம் நின்றுவிடுகிறோம். அறிவுலகத்துக்கு வாயில்கள் அத்தனைதானா? அன்று. பலரும் அறியாத வாயில்கள் எத்தனையோ உள்ளன. அவற்றுள் ஒன்றை இன்று உங்களுக்குத் திறந்து காட்ட விரும்புகிறேன். கட்டடங்களுக்கு ஒளியூட்டும் முறையைப் பல்கலைக் கழகத்தில் பயில்வதும் ஆராய்வதுமே அது.

"விளக்குப் போடுவதற்கும் ஒரு பட்டமா?" என்று நீங்கள் நகைக்கலாம். ஒரு வீடு கட்டுகிறோம். சுவர் எழுப்பக் கொத்தனார் வருகிறார். மின்கம்பி இழுக்க மின்பணியாளர் வருகிறார். கதவு சன்னல் செய்யத் தச்சர் வருகிறார். இத்தனை பேரும் வந்து போன பிறகு, அந்த வீட்டில் வாழப் போகிறவர் எதை, எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு தெளிவாகக் காண்பார் என்பதைச் சிந்தித்தவர் யார்? பெரும்பாலும் ஒருவரும் இல்லை. அறையின் நடுவில் ஒரு விளக்கு, சுவரில் ஒரு விசை என்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது. ஒருவரும் கேளாத அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் இந்தக் கல்வியின் வேலை.

இங்கிலாந்தில் லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியின் பார்ட்லெட் என்னும் பிரிவில், ஒளியும் ஒளியமைப்பும் என்ற பெயரிலேயே ஒரு முதுநிலைப் படிப்பு உருவாயிற்று. சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் அரசத் தொழில்நுட்பக் கழகமும், ஜெர்மனியின் விஸ்மார் நகரக் கல்லூரியும் இத்தகைய படிப்புகளை நடத்தி வந்துள்ளன. அமெரிக்காவில் டிராய் நகரின் ரென்சலேர் கழகத்தில் 1988ஆம் ஆண்டில் ஒளியமைப்புக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. நம் நாட்டில், கல்கத்தாவின் ஜாதவ்பூர்ப் பல்கலைக் கழகம் ஒளியூட்டுப் பொறியியலை முதுநிலைப் பாடமாகக் கற்பித்து வந்திருக்கிறது. இவ்விடங்களில் என்ன கற்பிக்கிறார்கள் என்பதை இனிக் காண்போம்.

முதற் பாடம் விளக்கைப் பற்றியதன்று, கண்ணைப் பற்றியது. ஒரு பரப்பின்மீது விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்னும் அலகால் அளக்கிறார்கள். உச்சி வெயில் நிலத்தின்மீது ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெளிச்சத்தைப் பொழிகிறது. முழுநிலவு தருவதோ கால் லக்ஸ் அளவே. ஒன்று மற்றொன்றைப் போல நான்கு லட்சம் மடங்கு. ஆயினும் இரண்டிலும் நாம் வழி கண்டு நடக்கிறோம். மனிதன் செய்த கருவிகளில் இவ்வளவு பெரிய வீச்சுக்கு இணங்கிப் பணிபுரியக் கூடியவை மிகச் சில. கண் தன் எதிரே உள்ள வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. ஆகவே அது வெளிச்சத்தின் முழு அளவைப் பார்ப்பதைவிட, ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாட்டையே கூர்மையாகப் பார்க்கிறது.

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது ஒரு வகுப்பறையில் கண்ட செய்தியை ஈண்டு உரைப்பது பொருந்தும். அவ்வறையில் கரும்பலகையை ஒட்டிய இடப்புறத்தில் ஒரு பெரிய சன்னல் இருந்தது. நண்பகலில் வெள்ளையடித்த எதிர்ச்சுவரின் வெயில் அதன் வழியே பளீரென்று தெரியும். கடைசிப் பெஞ்சில் அமர்ந்த பிள்ளைகள் சிலர் பலகையைப் பார்த்து எழுதுவதில் பின்தங்கினார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று கருதியவர்களும் உண்டு. ஒருநாள் காற்றுக்கு அஞ்சி அந்தச் சன்னலின் கதவைச் சாத்தினோம். அறையில் வெளிச்சம் குறைந்தது. பிள்ளைகளோ விரைவாக எழுதினார்கள்! காரணம் எளிது. சன்னல் திறந்திருந்தபோது அவர்களுடைய கண் அந்தப் பளீரென்ற வெண்மைக்கு இணங்கி நின்றது. அதன் அருகே கரும்பலகை வெறும் இருளாகத் தோன்றியது. கதவைச் சாத்தியதும் கண் பலகைக்கு இணங்கிற்று. வெளிச்சம் கூடினால் பார்வை கூடும் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். கூச்சமூட்டும் வெளிச்சம் பார்வையைக் கெடுக்கும் என்பதையும் சேர்த்து அறிய வேண்டும். இந்தக் கண்கூச்சத்தை அளப்பதற்கு வழி காண முயன்றவர்களுள் ஹாப்கின்சன் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் முதன்மையானவர். கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த அவர், 1965இல் மேற்சொன்ன லண்டன் கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

இன்னொரு செய்தியும் கண்ணைப் பற்றிய பாடத்தில் வரும். எல்லா நிறங்களும் கண்ணுக்கு ஒரே அளவு வெளிச்சமாகத் தோன்றுவதில்லை. பகற்பார்வையில் பசுமஞ்சள் நிறமே மிகுந்த வெளிச்சமாகப் படுகிறது. சிவப்பும் நீலமும் அதே ஆற்றலுடன் வந்தாலும் மங்கலாகப் படுகின்றன. உலக ஒளியூட்டு ஆணையம் என்னும் பன்னாட்டு அமைப்பு 1913இல் தோன்றிற்று. அது 1924இல் இந்த வேறுபாட்டை ஒரு வளைகோடாக வரைந்து உலகப் பொதுவிதியாக ஏற்றுக்கொண்டது. அவ்வளைகோட்டின் சிகரம் 555 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கிறது. கடையில் விளக்குப் பெட்டியின்மீது இத்தனை லூமன் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த லூமன் என்ற அளவுக்குள் இந்த வளைகோடு அடங்கியிருக்கிறது. நீளத்தையும் எடையையும் அளக்கும்போது மனிதனை நாம் கருதுவதில்லை. ஒளியை லூமனால் அளக்கும்போதோ மனிதக் கண்ணையே அளவுகோலின் ஒரு பகுதியாகக் கொள்கிறோம்.

இரண்டாம் பாடம் பகலொளி. சூரியன் மேகத்தில் மறைவதும் வெளிவருவதுமாக இருக்க, அறைக்குள் எவ்வளவு வெளிச்சம் வரும் என்று முன்கூட்டியே எவ்வாறு சொல்வது? இதற்கு அறிஞர்கள் ஓர் அழகிய வழி கண்டார்கள். வெளியே திறந்த வெளியில் உள்ள வெளிச்சத்தில் எத்தனை விழுக்காடு அறையின் குறிப்பிட்ட இடத்துக்கு வந்து சேருகிறது என்று கணக்கிட்டால் போதும். வானத்தின் ஒளி ஏறினாலும் இறங்கினாலும் இந்த விழுக்காடு பெரும்பாலும் மாறாது. இதனைப் பகலொளி விகிதம் என்று கூறலாம்.

ஆனால் எந்த வானத்தை எடுத்துக்கொள்வது? மேலை நாட்டார் மேகம் மூடிய வானத்தை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நாட்டில் அதுவே பெருவழக்கு. அத்தகைய வானத்தில் உச்சி, அடிவானத்தைக் காட்டிலும் மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும் என்று 1942இல் மூன், ஸ்பென்சர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் ஒரு சூத்திரம் தந்தார்கள். 1955இல் பன்னாட்டு ஆணையம் அதனை ஏற்றது. நம் நாட்டு வானமோ ஆண்டின் பெரும்பகுதி தெளிந்தது. தெளிந்த வானத்தில் உச்சியைவிட அடிவானமே மிகுந்த ஒளியுடையது. ஆகவே இரவல் வானத்தை வைத்துக்கொண்டு நம் வீட்டுக்குச் சன்னல் வைத்தால் கணக்குப் பொருந்துமா? ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் இதனை ஆராய்ந்தனர். சூரியனின் நேர்க்கதிரை விலக்கிவிட்டு, தெளிந்த வானம் திறந்த வெளியில் தரும் 8,000 லக்ஸ் என்ற அளவு நம் நாட்டுக் கணக்கிற்கு அடிப்படையாயிற்று. பயிலும் மாணவன் இதிலிருந்து ஒரு பெரும் உண்மையை உணர வேண்டும். விஞ்ஞானம் உலகப் பொதுவானதுதான். ஆனால் அதனைக் கையாளும் இடத்தின் வானத்தையும் மண்ணையும் அறியாமல் கையாளுதல் கூடாது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவியின் மேசைமீது பகலொளி விகிதம் 2 விழுக்காடு என்று கொள்வோம். 8,000இல் 2 விழுக்காடு 160 லக்ஸ். வகுப்பறைக்கு 300 லக்ஸ் வேண்டும் என்பது பல விதிநூல்களில் காணும் அளவு. ஆகவே அந்த மாணவிக்கு விளக்கின் துணை வேண்டும். அல்லது சன்னலைத் திருத்த வேண்டும். எவ்வாறு திருத்துவது? பலரும் சன்னலை அகலப்படுத்த எண்ணுவார்கள். ஆனால் சன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆழம் வரையே பகலொளி பயன்படும் அளவில் செல்லும் என்பது கட்டடக் கலைஞர்கள் கையாளும் பழைய கைக்கணக்கு. மேல்விளிம்பு 7 அடி உயரத்தில் இருந்தால், ஒளி 14 அடி வரை செல்லும். 20 அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அகலமான சன்னலைவிட உயரமான சன்னலே உதவும். ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம், ஒரே பாடத்தைப் படிக்கும் பிள்ளைகளுள் சிலருக்கு வெளிச்சமும் சிலருக்கு மங்கலும் வாய்ப்பது சரியன்று. அதனைச் சன்னல் வைக்கும் நாளிலேயே தடுத்துவிட முடியும்.

இவற்றைக் கணக்கால் மட்டும் கற்பதில்லை. மாணவர்கள் அட்டையால் சிறு அறை செய்து, செயற்கை வானம் என்னும் விளக்குக் கூண்டுக்குள் வைத்து, உள்ளே ஒளி பரவும் விதத்தைக் கண்ணாலும் கருவியாலும் காண்கிறார்கள். பங்குனியிலும் மார்கழியிலும் எந்த நேரத்தில் எந்தச் சுவரில் வெயில் விழும் என்பதை அறியச் சூரியனின் போக்கைப் போலி செய்யும் பொறி ஒன்று உண்டு. இக்காலத்தில் கணினியும் இப்பணியைச் செய்கிறது. ஆயினும் அட்டைப் பெட்டியின் பயன் அழியவில்லை. பெட்டிக்குள் குனிந்து பார்க்கிறவனுக்குக் கிடைக்கும் அனுபவத்தைக் கணினியின் எண்கள் முழுவதும் தந்துவிடுவதில்லை.

மூன்றாம் பாடம் அமைப்புக் கலை. இதில் ரிச்சர்ட் கெல்லி என்ற அமெரிக்கரின் பெயரை எல்லா மாணவரும் கேட்பார்கள். 1910இல் பிறந்த அவர் விளக்கமைப்புத் தொழிலைத் தொடங்கிய பின்னரே யேல் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து கட்டடக் கலை பயின்றார். ஒளி மூன்று வகையாகப் பயன்படும் என்று அவர் பிரித்துக் காட்டினார். இடம் முழுவதும் நிழலின்றிப் பரவி நிற்கும் ஒளி ஒன்று. பனிமூடிய காலைப் பொழுதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளை மட்டும் எடுத்துக் காட்டும் ஒளி மற்றொன்று. படிப்பவனின் நூல்மீது விழும் விளக்கைப் போன்றது. கண்ணுக்கு விருந்தாக மின்னி விளையாடும் ஒளி மூன்றாவது. ஆற்றுநீரின்மீது துள்ளும் வெயில் இவ்வகை. மூன்றும் தக்க அளவில் கூடினால் இடம் உயிர்பெறும்.

டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் 1972இல் திறக்கப்பெற்ற கிம்பெல் கலைக்கூடத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். லூயி கான் என்னும் கட்டடக் கலைஞர் அதனை வடிவமைத்தார். கெல்லி ஒளிக்குத் துணை நின்றார். நீண்ட வளைகூரைகளின் உச்சியில் குறுகிய பிளவு ஒன்று ஓடுகிறது. அதன் வழியே வரும் கடும் வெயில் நேரே கீழே விழுந்தால் ஓவியங்கள் பாழாகும். ஆகவே பிளவுக்குக் கீழே, நுண்துளைகள் கொண்ட வளைந்த அலுமினியத் தகடுகளைத் தொங்கவிட்டார்கள். வெயில் அத்தகட்டில் பட்டுத் திரும்பிக் கூரையின் கான்கிரீட்டைத் தழுவி, மென்மையாகி, பின்னர்க் கீழே இறங்குகிறது. சாம்பல் நிறக் கான்கிரீட்டு வெள்ளியைப் போல ஒளிர்கிறது. சூரியனை அடைக்காமல் பண்படுத்தினார்கள் என்று சொல்லலாம்.

நான்காம் பாடமே மிகக் கடினமானது. அதுதான் ஆராய்ச்சி. நல்ல ஒளி மனிதனுக்கு நன்மை செய்கிறது என்று சொல்வது எளிது; மெய்ப்பிப்பது அரிது. அமெரிக்காவில் சிகாகோ நகரையடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1927 வரை ஒரு சோதனை நடந்தது. விளக்கொளியைக் கூட்டினால் தொழிலாளரின் உற்பத்தி கூடுமா என்று பார்த்தார்கள். கூட்டினாலும் உற்பத்தி ஏறிற்று, குறைத்தாலும் ஏறிற்று என்று கூறப்பட்டது. தம்மைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே அவர்களை ஊக்கிற்று என்ற முடிவு நூல்களில் புகுந்து, உலகமெங்கும் பரவிற்று. அழிந்துவிட்டன என்று கருதப்பட்ட மூலக் கணக்குகள் பின்னர்க் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து லெவிட், லிஸ்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2011இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆலை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் விளக்குகள் மாற்றப்பட்டிருந்தன. திங்கட்கிழமை உற்பத்தி கூடிற்று என்றால், அது விளக்கினாலா, ஓய்வுக்குப் பின் வந்த புத்துணர்ச்சியினாலா? விளக்கை மாற்றாத வாரங்களிலும் திங்கட்கிழமை உற்பத்தி கூடியே இருந்தது! நூல்களில் சொல்லப்பட்ட கதைக்கு மூலக் கணக்குகளில் உறுதியான சான்று இல்லை.

இதுபோலவே, மங்கிய வெளிச்சத்துக்குச் செம்மஞ்சள் ஒளியும் மிகுந்த வெளிச்சத்துக்கு நீலவெண்ணொளியும் இனிமை தரும் என்று 1941இல் கிரைத்தோஃப் என்னும் டச்சு அறிஞர் ஒரு வரைபடம் வெளியிட்டார். பல்லாண்டுகள் அதனை மாணவர்கள் மனனம் செய்தார்கள். ஷெஃபீல்டு பல்கலைக் கழகத்தின் ஃபோட்டியோஸ் பிற்காலச் சோதனைகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்து, 2017இல் தம் முடிவை வெளியிட்டார். நம்பத்தக்க சான்றுகள் அவ்வரைபடத்தை ஆதரிக்கவில்லை என்பதே அம்முடிவு. அச்சில் வந்துவிட்டது, ஆசிரியர் சொல்லிவிட்டார் என்பதனால் ஒன்று உண்மையாகிவிடாது. ஆசிரியனாக வாழ்ந்த நானே இதனைச் சொல்கிறேன்.

ஆராய்ச்சி பழையதை அகற்றுவதோடு நின்றுவிடுவதுமில்லை, புதியதையும் தருகிறது. கண்ணின் விழித்திரையில் கூம்பு, கோல் என்னும் இருவகை ஒளியுணர் அணுக்களே உள்ளன என்று என் தலைமுறையினர் படித்தோம். 2002இல் பிரவுன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பெர்சனும் அவருடைய தோழர்களும் எலிகளின் விழித்திரையில் மூன்றாம் வகை ஒன்று தானே ஒளியை உணர்வதைக் காட்டினார்கள். அவ்வணுக்கள் மனிதனுக்கும் உண்டு. உருவங்களைக் காட்டுவது அவற்றின் தலையாய பணியன்று. இது பகல், இது இரவு என்று உடலின் உள்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புவதே அவற்றின் பணி. நீல ஒளியில் அவை மிகுதியாக விழித்தெழுகின்றன. ஆகவே, இரவு நெடுநேரம் கடும் வெளிச்சத்தில் இருப்பவனின் உறக்கம் தள்ளிப்போவதற்கு உடலியல் காரணம் உண்டு. மருத்துவமனையிலும் விடுதியிலும் இரவுப்பணி நடக்கும் ஆலையிலும் எத்தகைய ஒளி வேண்டும் என்பது இன்று திறந்து கிடக்கும் ஆராய்ச்சிக் களம்.

இக்கல்வியின் தேவை இன்று பெருகியிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பழைய இழை விளக்கு 60 வாட் மின்சாரம் உண்டு ஏறத்தாழ 800 லூமன் தந்தது. இன்றைய எல்.இ.டி. விளக்கு அதே ஒளியை 8 அல்லது 9 வாட்டில் தந்துவிடுகிறது. இதற்கு அடிகோலிய நீல நிற எல்.இ.டி.யைக் கண்ட அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒளி மலிவாயிற்று. மலிவானதை மனிதன் வரையின்றிச் செலவிடத் தொடங்கிவிடுகிறான். தெருவும் கடையும் சுவரும் இரவெல்லாம் எரிகின்றன; நகரத்துக் குழந்தைகளுக்கு விண்மீன் தெரிவதில்லை. எங்கே விளக்கு வேண்டும் என்று சொல்வதோடு, எங்கே வேண்டாம் என்று சொல்லவும் கற்றவர்கள் தேவைப்படுகிறார்கள். விளக்கு விற்பவரையே ஆலோசனை கேட்டால், விளக்கு வேண்டாம் என்ற விடை எளிதில் வராது. ஆகவேதான் விற்பனையோடு தொடர்பில்லாத, அளந்து பார்த்துப் பேசுகின்ற அறிஞர் கூட்டம் ஒன்று சமுதாயத்துக்கு வேண்டியிருக்கிறது.

இப்படிப்பில் யார் சேரலாம்? கட்டடக் கலை, இயற்பியல், மின்பொறியியல், உளவியல் என்று பல துறை வழியாகவும் வந்து சேர்கிறார்கள். கட்டடக் கலைஞன் கணக்கைக் கற்கிறான். பொறியாளன் அழகைக் கற்கிறான். இருவரும் கண்ணின் இயல்பைக் கற்கிறார்கள். வெளிநாட்டில் சென்று பயில்வதற்குப் பொருட்செலவு மிகுதி. திரும்பி வந்தால் வேலை காத்துக்கொண்டிருக்கும் என்று சொல்வதற்குமில்லை. துறை சிறியது. அதனை மறைத்து உங்களுக்கு ஆசை காட்டுதல் தகாது. ஆயினும், பள்ளிகளும் மருத்துவமனைகளும் நூலகங்களும் நாள்தோறும் எழுந்துகொண்டிருக்கும் நாட்டில் இவ்வறிவு பயனின்றிப் போகாது.

இதனைப் பயில விரும்புகிறவர்கள் பல்கலைக் கழகம் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து, பக்கத்தில் சன்னலைப் போல ஒரு துளையும், எதிரே கண் வைத்துப் பார்க்க ஒரு சிறு துளையும் இடுங்கள். அதே பரப்புள்ள துளையை ஒருமுறை தாழ்வாகவும், மறுமுறை உயரமாகவும் வெட்டி, உள்ளே ஒளி எவ்வளவு தூரம் செல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வகுப்பறைக்குச் சென்று, மிகவும் மங்கலான இடத்தில் அமர்ந்திருப்பவர் யார் என்று பாருங்கள். அங்கிருந்து கரும்பலகை எப்படித் தெரிகிறது என்பதை அவரிடமே கேளுங்கள். அந்த விடையைக் குறித்து வைத்துக்கொண்டால் உங்கள் முதல் ஆராய்ச்சிக் குறிப்பு ஆயத்தமாகிவிடும்.